அரசுச் செலவில் குடும்பக் கட்டுப்பாடு: தோட்டப்புறக் குடும்பத்துக்கு என்ன லாபம்? கேள்வியும் பதிலும்

இந்தப் பக்கம் எதைப் பற்றியது?

அரசாங்கக் கிளினிக்கில் கிடைக்கும் குடும்பக் கட்டுப்பாட்டுச் சேவை ஒரு வீட்டின் வரவு செலவில் என்ன செய்கிறது, நாட்டின் கஜானாவில் என்ன செய்கிறது என்பதைப் பற்றியது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்துக் கோயில் மண்டபங்களிலும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் கூட்டங்களிலும் பெண்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. தோட்ட அலுவலகத்தில் செக்ரோல், அதாவது தொழிலாளர் வருகைப் பதிவேடு, எழுதியவள். ஆகவே கணக்கைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன். உடம்பைப் பற்றிய சந்தேகத்தைக் கிளினிக் மிஸ்ஸியிடமோ (தாதியிடமோ) மருத்துவரிடமோ கேளுங்கள்.

குடும்பக் கட்டுப்பாடு என்றால் பிள்ளை பெறாதே என்று சொல்வதுதானே?

இல்லை. எப்போது, எத்தனை என்பதைக் கணவனும் மனைவியும் தீர்மானிக்க வழி செய்து கொடுப்பது. ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் இடைவெளி விடுவதுதான் இதில் பெரும்பகுதி. பிரசவத்துக்குப் பிறகு அடுத்த முறை கருத்தரிக்கக் குறைந்தது 24 மாதம் காத்திருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளை வேண்டும் என்று ஏங்குகிறவர்களுக்கான ஆலோசனையும் இதே துறையின் வேலைதான். அந்தப் பாதியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

மாத்திரையோ ஊசியோ தேவைப்படுகிறவர் சொந்தக் காசில் வாங்கிக்கொள்ளட்டுமே. அரசாங்கம் ஏன் செலவழிக்க வேண்டும்?

மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடிக்கும் வீட்டுக்கு இந்தக் கேள்வி சரி. மாதம் 20ஆம் தேதியே கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் பெயர் ஏறிவிடும் வீட்டில் நிலைமை வேறு. அங்கே செலவைச் சுருக்கும்போது முதலில் விழுவது பெண்ணின் மருந்துதான். அரிசியை நிறுத்த முடியாது, பிள்ளையின் பஸ் காசை நிறுத்த முடியாது. இந்த மாதம் மாத்திரை வேண்டாம், பார்த்துக்கொள்ளலாம் என்று அவளே சொல்லிவிடுவாள். யாரும் அவளைத் தடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த ஒரு மாதத்தின் விலை அடுத்த பல ஆண்டுகளுக்கு நீளும்.

இன்னொன்றும் இருக்கிறது. கருப்பைக்குள் வைக்கும் காப்பர் வளையம், கையில் தோலுக்கடியில் வைக்கும் குச்சி போன்ற நீண்டகால முறைகளுக்கு முதலிலேயே மொத்தமாகப் பணம் கட்ட வேண்டும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அவைதான் மலிவு. ஆனாலும் கையில் மொத்தப் பணம் இல்லாதவள் மாதாமாதம் சிறு தொகை கொடுக்கும் முறையையே வாங்குவாள், கடைசியில் கூடுதலாகவே கொடுத்திருப்பாள். ஏழைக்கு எதுவும் சில்லறையில்தான் கிடைக்கிறது, சில்லறை விலை எப்போதும் கூடுதல். அரசுக் கிளினிக் இந்த அநியாயத்தைத் துடைத்துவிடுகிறது. பணக்கார வீட்டுப் பெண்ணுக்குக் கிடைக்கும் அதே வளையம் தோட்டத்துப் பெண்ணுக்கும் கிடைக்கிறது.

இந்தச் சேவை நம் நாட்டில் எப்போது தொடங்கியது?

தொண்டர்கள்தான் முதலில் தொடங்கினார்கள். 1953இல் சிலாங்கூரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சங்கம் பிறந்தது, 1958இல் மாநிலச் சங்கங்கள் கூட்டமைப்பாகச் சேர்ந்தன. 1966இல் நாடாளுமன்றம் குடும்பக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றித் தேசிய வாரியத்தை அமைத்தது. அது நாட்டின் ஐந்தாண்டுப் பொருளாதாரத் திட்டமான முதலாம் மலேசியத் திட்டம் தொடங்கிய ஆண்டு. மக்கள்தொகை வளர்ச்சியை ஆண்டுக்கு 3 விழுக்காட்டிலிருந்து 1985க்குள் 2 விழுக்காட்டுக்குக் கொண்டுவருவது இலக்கு. பள்ளிக்கூடமும் வேலையும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஈடுகொடுக்க வேண்டும் என்பதே அன்றைய வாதம். ஆக, தொடக்கத்திலிருந்தே இது பொருளாதாரத் திட்டத்தின் ஓர் அங்கம்தான். பெரிய நகர மருத்துவமனைகளில் ஆரம்பித்து, சிறு பட்டணங்களுக்கு வந்து, பிறகு கிராமப்புறத் தாய் சேய் நலக் கிளினிக்குகளோடு இணைந்தது.

1984இல் காற்று திசை மாறியது. 2100ஆம் ஆண்டுக்குள் 7 கோடி மக்கள் என்ற கொள்கையை அரசு அறிவித்தது. வாரியத்தின் பெயரும் தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியம் என்று மாறியது, எல்.பி.பி.கே.என். என்று நாம் சொல்வது அதைத்தான். சேவை நிற்கவில்லை, பிரசாரம் அடங்கியது. அதன் விளைவு இன்றும் தெரிகிறது. மணமான பெண்களில் ஏதாவது ஒரு முறையைப் பயன்படுத்துகிறவர்கள் 1980களின் நடுவிலிருந்தே பாதிப்பேர் என்ற அளவில் நின்றுவிட்டார்கள். 2014ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் அது சுமார் 52 விழுக்காடுதான், நம்பகமான நவீன முறைகளைப் பயன்படுத்துவோர் மூன்றில் ஒரு பங்கு.

சரி, ஒரு தோட்டக் குடும்பத்தின் கணக்கில் லாபம் எங்கே தெரியும்?

செக்ரோலில் தெரியும். ஒரு பெயருக்கு நேரே மாதத்தின் நாள்களுக்குக் கட்டங்கள் இருக்கும். வேலைக்கு வந்த நாளுக்கு ஒரு கோடு, அரை நாளுக்கு அரைக் குறி, வராத நாளுக்குச் சுழியம். பிள்ளைகள் அடுத்தடுத்துப் பிறந்த பெண்ணின் வரிசையைப் பார்த்தால், பிரசவத்தால் மட்டும் கட்டங்கள் சுழியமாகியிருக்காது. மூத்ததற்குக் காய்ச்சல், இளையதற்கு ஊசி நாள், தனக்கு இரத்தசோகை, பெரட்டுக்கு, அதாவது காலையில் பெயர் கூப்பிடும் நேரத்துக்கு, தாமதம் என்று மாதம் முழுக்கச் சுழியங்கள் சிதறிக் கிடக்கும். பால்மரத்தின் (ரப்பர் மரத்தின்) பட்டையை விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக இறங்கும். ஐந்தரைக்குக் காட்டுக்குள் நிற்க வேண்டியவள் நாலு மணிக்கு எழுந்து இரண்டு பிள்ளைகளை ஆயாக் கொட்டகைக்குத் தூக்கிப் போக வேண்டும். ஒன்று நடக்கும், ஒன்று இடுப்பில் இருக்கும். இரண்டுமே இடுப்பில் என்றால் அவள் வேலையை விட்டுவிடுவாள்.

இன்றைய கணக்கில் போட்டுப் பார்ப்போம். 2025 முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்றால் நாளுக்கு 65 ரிங்கிட் 38 காசு. ஒரு சுழியத்தின் விலை அது. எதிர்பாராத கர்ப்பத்தால் ஒரு பெண் இரண்டு ஆண்டுகள் வேலையை விட்டால், போகும் சம்பளம் 40,800 ரிங்கிட்.

அதோடு நிற்பதில்லை. ஊழியர் சேமநிதியில் தொழிலாளி 11 விழுக்காடு, முதலாளி 13 விழுக்காடு செலுத்த வேண்டும். 1,700 ரிங்கிட்டுக்கு அது மாதம் 408. இரண்டு ஆண்டுக்கு 9,792 ரிங்கிட், அதன் மேல் ஓய்வு வயது வரை ஏறியிருக்க வேண்டிய டிவிடெண்ட் வேறு. இந்த இழப்பு அன்றைக்குக் கண்ணில் படாது. 55 வயதில் சேமநிதிக் கணக்கறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, இவ்வளவு வருஷம் உழைத்தும் இவ்வளவுதானா என்று கேட்கிற பெண்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தொகையில் குறைவது அவளுடைய இருபதுகளில் விழுந்த சுழியங்கள்.

பிள்ளை பிறந்தால் நட்டம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே பிள்ளை, பெற்றவர்கள் தயாராக இருக்கும் நேரத்தில், மூத்தது பள்ளிக்குப் போகத் தொடங்கிய பிறகு வந்தால், இந்த இழப்பில் பெரும்பகுதி இல்லாமல் போகும். எத்தனை பிள்ளை என்பதைவிட எப்போது என்பதே நம் வீடுகளில் பணத்தைத் தீர்மானிக்கிறது.

பேறுகால விடுப்பு 98 நாள் இருக்கிறதே. சம்பளத்தோடு வீட்டிலிருக்கலாம் அல்லவா?

2023 ஜனவரி முதல் விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது, கணவருக்கும் 7 நாள் வந்தது. கர்ப்பிணியை வேலையிலிருந்து நீக்குவதற்கும் சட்டம் கட்டுப்பாடு போட்டிருக்கிறது. நல்ல மாற்றங்கள். ஆனால் சட்டத்தின் சிறிய எழுத்தையும் படியுங்கள். பிரசவத்துக்கு முந்திய 9 மாதத்தில் குறைந்தது 90 நாள் அந்த முதலாளியிடம் வேலை செய்திருக்க வேண்டும். ஏற்கெனவே ஐந்து பிள்ளைகள் உயிரோடு இருந்தால் விடுப்புச் சம்பளம் கிடைக்காது.

நம் பெண்களை அதிகம் அடிப்பது முதல் நிபந்தனைதான். தோட்டங்களில் இன்று பலர் குத்தகைக்காரரிடம் வேலை செய்கிறார்கள். செம்பனையில் உதிர்ந்த பழம் பொறுக்குவது, உரம் போடுவது, மருந்தடிப்பது எல்லாம் குத்தகை. இந்த மாதம் ஒருவர், அடுத்த மாதம் வேறொருவர். அவளுக்குச் சட்டம் ஏட்டில் மட்டும் இருக்கிறது. விடுப்புச் சம்பளம் உறுதியில்லாதவளுக்குத்தான் பிள்ளையின் நேரத்தைத் தீர்மானிக்கும் வசதி மிகவும் தேவை.

அரசாங்கத்துக்குப் பணம் மிச்சம் என்கிறார்கள். எப்படி?

இதற்கு மிகவும் விரிவான கணக்கு அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே ஏழைகளுக்கான குடும்பக் கட்டுப்பாட்டுக்கு 1970 முதல் மத்திய அரசின் தனித் திட்டம் இருக்கிறது. குட்மாக்கர் ஆய்வு நிறுவனம் 2010ஆம் ஆண்டின் செலவை எடுத்துக் கணக்கிட்டது. அரசு செலவழித்த ஒவ்வொரு டாலருக்கும் 7.09 டாலர் மிச்சமாகியிருந்தது. ஆண்டுக்கு நிகர மிச்சம் 1,360 கோடி டாலர். எதிர்பாராத கர்ப்பத்தின் பரிசோதனை, பிரசவம், குறைமாதக் குழந்தையின் சிகிச்சை, பால்வினை நோய், கருப்பை வாய்ப் புற்றுநோய் ஆகியவற்றுக்கு அரசு கொடுத்திருக்க வேண்டிய பணம் அது.

அந்த 7.09ஐ அப்படியே ரிங்கிட்டாக மாற்றி நம் ஊரில் சொல்லக் கூடாது. அங்கே பிரசவச் செலவு பல மடங்கு, மருத்துவக் காப்பீட்டு முறையும் வேறு. ஆனால் கணக்கின் போக்கு இங்கும் பொருந்தும், ஒரு வகையில் இன்னும் நன்றாகவே பொருந்தும். நம் நாட்டில் ஏழைப் பெண்ணின் பிரசவச் செலவில் பெரும்பங்கை அரசே ஏற்கிறது. கிளினிக்கில் கர்ப்பிணியின் அட்டைக்கு நிறம் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை என்றால் மிஸ்ஸியே கவனிப்பார், பச்சைக்கு மருத்துவர், மஞ்சளுக்கு மருத்துவமனை, சிவப்பு என்றால் உடனே படுக்கை. வெள்ளையிலிருந்து சிவப்பை நோக்கிப் போகும் ஒவ்வொரு படியிலும் அரசின் செலவு ஏறுகிறது. கட்டுப்பாட்டில் இல்லாத இனிப்பு நீர், இரத்தசோகை, நாற்பதைத் தாண்டிய வயது, மிகக் குறுகிய இடைவெளி ஆகியவை அட்டையின் நிறத்தை மாற்றுகின்றன. நீரிழிவு நம் சமூகத்தில் எவ்வளவு அதிகம் என்று சொல்லத் தேவையில்லை. சர்க்கரை அளவு இறங்கும்வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட்ட ஒரு பெண், தன் உயிரையும் ஒரு சிவப்பு அட்டையின் செலவையும் சேர்த்தே காப்பாற்றுகிறாள்.

ஒரு டாலருக்கு 120 டாலர் லாபம் என்றும் படித்தேனே?

கோபன்ஹேகன் கருத்தொற்றுமை மையம் வெளியிட்ட மதிப்பீடு அது. வேலை செய்யும் வயதினர் பெருகுவதால் பல பத்தாண்டுகளில் வரக்கூடிய நாட்டு வருமானத்தையும் அதில் சேர்த்திருக்கிறார்கள். அனுமானங்கள் அதிகம். நான் கூட்டங்களில் அந்த எண்ணைச் சொல்வதில்லை. நேரடிச் செலவை மட்டும் எண்ணினாலே வாதம் நிற்கிறது, பிறகு ஏன் மிகைப்படுத்த வேண்டும்?

பிள்ளைகளுக்கு என்ன லாபம்?

மார்த்தா பெய்லி என்ற பொருளாதார அறிஞர் அமெரிக்காவில் இதை ஆராய்ந்தார். 1964க்கும் 1973க்கும் இடையில் அங்கே அரசுக் கிளினிக்குகள் ஒரே நாளில் எல்லா மாவட்டங்களிலும் திறக்கவில்லை. சில இடங்களில் முன்னே, சில இடங்களில் பின்னே. அந்த வேறுபாட்டை வைத்து, கிளினிக் வருவதற்கு முன் பிறந்தவர்களையும் பின் பிறந்தவர்களையும் அவரும் அவருடைய சகாக்களும் ஒப்பிட்டார்கள். பின்னர் பிறந்த பிள்ளைகள் வறுமையில் வளரும் வாய்ப்பு 7 விழுக்காடு குறைவு. அரசு உதவித்தொகை வாங்கும் வீட்டில் வளரும் வாய்ப்பு 12 விழுக்காடு குறைவு.

நம்மைப் போன்ற ஏழை நாட்டுப்புறத்துக்கு நெருங்கிய சான்று வங்காளதேசத்தின் மத்லாப் பகுதி. டாக்காவுக்குத் தென்கிழக்கே, வெள்ளம் ஏறி இறங்கும் ஆற்றங்கரைக் கிராமங்கள். 1977இல் அங்கே ஏறத்தாழப் பாதிக் கிராமங்களுக்கு மட்டும் புதிய சேவை வந்தது. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டு வாசலுக்கே வந்து, பல முறைகளை எடுத்துக்காட்டி, விரும்பியதைக் கொடுத்தார்கள். பக்க விளைவு என்றால் அவர்களே வந்து கேட்டார்கள். மீதிக் கிராமங்களில் வழக்கமான அரசுச் சேவை. 1996இல் ஆய்வாளர்கள் திரும்பிப் பார்த்தபோது, சேவை பெற்ற கிராமங்களில் பிள்ளைப் பேறு சுமார் 15 விழுக்காடு குறைந்திருந்தது. தாய்மாரின் உடல் எடை கூடியிருந்தது. குழந்தை இறப்பு குறைந்திருந்தது. வீட்டுச் சொத்து கூடியிருந்தது. பின்னாளில் தடுப்பூசியும் குழந்தை நலமும் அதே திட்டத்தில் சேர்ந்தன, ஆகவே எல்லாப் பெருமையையும் கருத்தடைக்கு மட்டும் கொடுக்க முடியாது. எனக்கு அதில் பிடித்ததே அதுதான். தனியாக ஊசி போடும் திட்டமாக அது இருக்கவில்லை. ஒரு பெண்ணின் வாழ்க்கையை முழுதாகப் பார்க்கும் இன்னொரு பெண் வாசலில் வந்து நின்றாள்.

மகள்களின் படிப்புக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 2023இல் பொருளாதார நோபல் பெற்ற கிளாடியா கோல்டின், லாரன்ஸ் காட்ஸுடன் சேர்ந்து எழுதிய ஆய்வில், மாத்திரை இளம்பெண்கள் கைக்கு வந்த பிறகு அமெரிக்காவில் சட்டம், மருத்துவம் போன்ற நீண்ட படிப்புகளில் பெண்கள் சேர்வது கூடியதைக் காட்டினார். நம் பக்கத்தில் வேறொரு வழியும் உண்டு. அடுத்தடுத்துப் பிள்ளைகள் உள்ள வீட்டில் மூத்த மகள்தான் இரண்டாவது தாய். தம்பியைப் பார்த்துக்கொள்ளப் பள்ளிக்கு மட்டம் போடுகிறவள் அவள்தான், ஐந்தாம் படிவ அரசுத் தேர்வான எஸ்.பி.எம்.மில் அவளுடைய முடிவுதான் அதைக் காட்டும்.

ஏற்கெனவே நம் இந்தியர் எண்ணிக்கை சுருங்கிக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் குடும்பக் கட்டுப்பாடு பேசலாமா?

கூட்டத்தில் இந்தக் கேள்வியை எழுப்புகிறவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள், பெரும்பாலும் ஆண்கள். அவர்களுடைய கவலை உண்மையானது. 1970இல் தீபகற்ப மலேசியாவில் இந்தியர் பத்தில் ஒருவருக்குச் சற்று மேல். இன்று நாட்டின் குடிமக்களில் 7 விழுக்காட்டுக்கும் குறைவு. 1970இல் ஓர் இந்தியப் பெண்ணுக்குச் சராசரி ஐந்து பிள்ளைகள் அளவில் இருந்தது, இப்போது 1.1 அளவில் நிற்கிறது. தமிழ்ப்பள்ளிகளில் 150க்கும் குறைவான மாணவர் உள்ளவை எத்தனை என்று சுற்றிப் பார்த்தாலே தெரியும்.

ஆனால் காரணத்தைச் சரியான இடத்தில் தேட வேண்டும். நம் விகிதம் குறைந்த கதையில், 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை உரிமம் கட்டாயமானபோது தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் பெட்டியைக் கட்டிக்கொண்டு தமிழ்நாட்டுக்குக் கப்பல் ஏறியதும் இருக்கிறது. மலாய்க்காரரின் பிறப்பு விகிதம் நம்மைவிட மெதுவாக இறங்கியதும் இருக்கிறது. இப்போது திருமணம் தள்ளிப்போகிறது, வீட்டு வாடகை ஏறுகிறது, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. இரண்டாவது பிள்ளையை வேண்டாம் என்று முடிவெடுக்கும் தம்பதியிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். சம்பளம், வேலை நேரம், வீடு என்றுதான் பட்டியல் வரும்.

கிளினிக்கை மூடினால் எண்ணிக்கை ஏறுமா? ருமேனியா 1966இல் அதைச் செய்து பார்த்தது. கருக்கலைப்பைத் தடை செய்தார்கள், கருத்தடைச் சாதனங்களும் கிடைக்காமல் போயின. அடுத்த ஆண்டே பிறப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. சில ஆண்டுகளில் மீண்டும் இறங்கிவிட்டது. இறங்காமல் உயர்ந்தே நின்றது தாய் இறப்பு மட்டும். ஐரோப்பாவிலேயே மிக மோசமான நிலைக்கு அந்த நாடு போனது. அங்கும் வசதியுள்ளவள் எப்படியோ வழி தேடிக்கொண்டாள், ஏழைதான் செத்தாள்.

சமூகம் பெருக வேண்டும் என்று உண்மையாக விரும்புகிறவர்கள் குழந்தைக் காப்பகத்துக்குப் போராடட்டும், குத்தகைத் தொழிலாளிக்கும் 98 நாள் சம்பளம் கிடைக்கப் போராடட்டும், பிள்ளைப்பேறு தாமதமாகும் தம்பதிக்குச் சிகிச்சை மலிவாகக் கிடைக்கப் போராடட்டும். அப்படி ஒரு போராட்டத்தில் முதல் ஆளாக நானும் வருவேன். ஆனால் இனத்தின் எண்ணிக்கையைக் காப்பாற்றும் கடமையை, நாள் சம்பளத்தில் இருக்கும் ஒரு பெண்ணின் கருப்பை மீது ஏற்றி வைப்பதை என்னால் ஏற்க முடியாது.

அரசாங்கம் பணம் கொடுத்தால் கட்டாயப்படுத்தவும் தொடங்கிவிடும் அல்லவா?

பயம் வீணானதல்ல. இந்தியாவில் நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 ஓர் ஆண்டில் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அதிகாரிகளுக்கு இலக்கு வைத்தார்கள், ஏழைகளைப் பிடித்தார்கள். அதன் பிறகு இந்தத் திட்டத்தின் மீதே மக்களுக்கு வெறுப்பு வந்து பல ஆண்டுகள் பின்னடைவு ஏற்பட்டது. சிங்கப்பூர் 1972இல் இரண்டு போதும் என்றது, 1987இல் வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறுங்கள் என்றது. எண்ணிக்கையைப் பார்த்து நடத்தும் திட்டம் இப்படித்தான் பெண்ணை இங்கேயும் அங்கேயும் இழுக்கும்.

நான் சொல்லும் பொருளாதார லாபம் எல்லாமே அவள் விரும்பி எடுத்த முடிவிலிருந்து வருவது. கட்டாயப்படுத்திய இடத்தில் அவள் அடுத்த முறை பிள்ளைக்குத் தடுப்பூசி போடக்கூடக் கிளினிக் பக்கம் வரமாட்டாள். மிஸ்ஸி உங்களை ஒரு முறைக்குத் தள்ளுவது போலத் தோன்றினால், யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வரலாம். அது உங்கள் உரிமை.

எங்கே போக வேண்டும்? எவ்வளவு செலவாகும்?

அரசாங்கச் சுகாதாரக் கிளினிக், அதன் கிராமக் கிளினிக் இரண்டிலும் தாய் சேய் நலப் பிரிவில் கேளுங்கள். மைகாட் (குடிமக்கள் அடையாள அட்டை) வைத்திருக்கும் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட். எல்.பி.பி.கே.என். நடத்தும் நூர் செஜாத்தெரா கிளினிக்குகள் பெரும்பாலும் பெரிய பட்டணங்களில் இருக்கின்றன. எல்லா முறையும் எல்லாக் கிளினிக்கிலும் எல்லா நாளும் இருக்காது. ஒரு நாள் சம்பளத்தை விட்டுப் போகிறீர்கள், ஆகவே முதல் நாளே போன் செய்து, எந்த நாளில் வளையம் வைப்பார்கள், ஊசி இருப்பில் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

எந்த முறை சிக்கனம்?

உடம்புக்கு எது ஒத்துவரும் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். பணத்தையும் நேரத்தையும் மட்டும் பார்த்தால், காப்பர் வளையம் ஒருமுறை வைத்தால் 10 ஆண்டு வரை. கையில் வைக்கும் குச்சி பொதுவாக 3 ஆண்டு. ஊசி 3 மாதத்துக்கு ஒருமுறை, அதாவது ஆண்டுக்கு நான்கு நாள் கிளினிக்குக்கு. மாத்திரை தினமும்.

அன்றாட வாழ்க்கையில் மக்கள் பயன்படுத்தும் விதத்தில், ஓராண்டில் 100 பெண்களில் மாத்திரையில் சுமார் 7 பேர், ஊசியில் 4 பேர், ஆணுறையில் 13 பேர் கருத்தரிக்கிறார்கள். வளையத்தில் ஒருவருக்கும் குறைவு. விடியுமுன் எழுந்து ஓடும் பெண்ணுக்குத் தினமும் ஒரே நேரத்தில் மாத்திரை என்பது எளிதல்ல. இந்த முறைகளில் பால்வினை நோய்த்தொற்றைத் தடுப்பது ஆணுறை மட்டும்தான்.

என்னிடம் குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டைதான் இருக்கிறது.

இந்த நாட்டிலேயே பிறந்து, இந்த நாட்டு மரத்தையே வெட்டி, இன்னும் சிவப்பு அட்டையோடு இருக்கிறவர்கள் நம் பக்கத்தில் உண்டு. எந்த அட்டையும் இல்லாதவர்களும் உண்டு. கட்டணம் உங்களுக்குக் கூடுதலாக வரலாம். போவதற்கு முன் முகப்பில் விசாரியுங்கள். அதோடு குடியுரிமை விண்ணப்பத்தையும் விடாதீர்கள். பொதுப்பணத்தில் நடக்கும் சேவை யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்கே கட்டணம் அதிகம் என்பது எனக்கு மனம் ஒப்பாத விஷயம். தோட்டங்களில் வேலை செய்யும் வெளிநாட்டுப் பெண்களின் நிலை இதைவிடக் கடுமை. கர்ப்பம் என்று தெரிந்தால் வேலை அனுமதியே போய்விடும்.

மாமியார் ஒப்புக்கொள்வதில்லை. நான் ஒன்பது பெற்றேன், எனக்கு என்ன ஆகிவிட்டது என்கிறார்.

அவரிடம் வாக்குவாதம் செய்யாதீர்கள். அத்தை, அந்த ஒன்பதில் எத்தனை தங்கியது என்று மெதுவாகக் கேளுங்கள். பெரும்பாலான வீடுகளில் அந்தப் பதில் ஒன்பது அல்ல. மரம் வெட்டிய மாமியாரிடம் நான் சொல்வது ஒன்றுதான்: நல்ல மரத்தையே ஒருநாள் விட்டு ஒருநாள்தானே வெட்டினீர்கள், பட்டை ஆற வேண்டும் என்று. அவர்களுக்கு இது உடனே புரிகிறது. பலர் அதற்குப் பிறகுதான் தங்கள் சொந்தக் கதையைச் சொல்லத் தொடங்குவார்கள்.

ஆண்களுக்கு இதில் வேலை உண்டா?

உண்டு. ஆணுறையும், ஆண்களுக்கான சிறு அறுவையும் இருக்கின்றன. அந்த அறுவை பெண்ணுக்குச் செய்வதைவிட எளிது, ஆண்மைக்கு எந்தக் குறையும் வராது. இருந்தும் நம் ஆண்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. குறைந்தது கிளினிக் நாளன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளவாவது அரை நாள் விடுப்பு எடுங்கள் தம்பிகளே.

தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்துவிட்டோம். இனி வசதிதானே?

சில விஷயங்களில் சிரமம் கூடியிருக்கிறது. தோட்டத்தில் லயத்து வீடுகளுக்கு அருகிலேயே ஆயாக் கொட்டகை இருந்தது, மருந்து கொடுக்க டிரசர் இருந்தார், குறையோடு என்றாலும் இருந்தார்கள். நிலம் துண்டாடப்பட்ட காலத்திலும், பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனை போய் வீடமைப்பு வந்த காலத்திலும் வேலையோடு அவையும் போயின. அன்றைய மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்துக்கு மாதம் 10 வெள்ளி (ரிங்கிட்) கட்டித் தோட்டம் வாங்கிய தலைமுறை நம்முடையது. கையில் மிஞ்சிய அந்தப் பத்து வெள்ளிதான் நம் மக்களை நிலத்தோடு வைத்திருந்தது. இன்று தாமானில் காப்பகத்துக்கு மாதக் கட்டணம் கொடுக்க வேண்டும், தொழிற்சாலை பஸ் ஆறு மணிக்கே வந்துவிடுகிறது. கிளினிக் திறந்திருக்கும் நேரமும் அவளுடைய ஷிப்ட் நேரமும் ஒன்றே.

ஆகவே இரண்டு கோரிக்கைகளை வைக்கிறேன். சில பெரிய பட்டணங்களின் அரசுக் கிளினிக்குகளில் மாலை நேரச் சிகிச்சை நடக்கிறது. வாரத்தில் ஒரு மாலை தாய் சேய் நலப் பிரிவும் சிறு பட்டணங்களில் திறந்திருக்க வேண்டும். இரண்டாவது, எஞ்சியிருக்கும் தோட்டங்களுக்கு மாதம் ஒருமுறை நடமாடும் கிளினிக் சம்பள நாளன்று வர வேண்டும். அன்றுதான் எல்லாப் பெண்களும் அலுவலக வாசலில் இருப்பார்கள். உங்கள் சட்டமன்ற உறுப்பினர் அடுத்த முறை கோயில் திருவிழாவுக்கு வரும்போது இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். நகல் ஒன்றை மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்கும் அனுப்புங்கள், அங்கே பெற்றுக்கொண்டதற்கான முத்திரையைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.